வீட்டுக்குள்ளே ஓர் ஒற்றையாள் கச்சேரி!



உங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு புத்தகத்தை எடுங்கள். கணக்குப் புத்தகமானாலும் பரவாயில்லை. அதன் அட்டையில் உள்ளங்கையால் 'தப்... தப்...' என்று தட்டுங்கள். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்றுதானே கேட்கிறீர்கள்? பாட்டுதான்! 1969-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், லண்டன் நகரத்தில் ஒருவர் தம் வீட்டு அறையில் உட்கார்ந்து இப்படித்தான் புத்தகத்தைத் தட்டினார். அந்தச் சத்தம் அப்படியே இசைத்தட்டில் ஏறி உலகமெல்லாம் போனது.

அவர் பெயர் பால் மெக்கார்ட்னி. நாம் குடிக்கும் பால் அல்ல. அது அவருடைய பெயர்! அப்போது அவருக்கு வயது 27. உலகத்திலேயே மிகப் புகழ் பெற்ற இசைக்குழுவான 'பீட்டில்ஸ்' குழுவில் பாஸ் கிடார் வாசித்தவர். அவ்வளவு பெரிய மனிதர், பெரிய பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களையெல்லாம் விட்டுவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்து புத்தகத்தைத் தட்டுவானேன்? அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

பாஸ் என்றால் என்ன?

பரீட்சையில் பாஸ், ஃபெயில் என்கிறோமே, அது அல்ல. இது கீழ்ச்சுரம் பேசும் கருவி. சாதாரண கிடாரில் 6 தந்திகள் இருக்கும். பாஸ் கிடாரில் பெரும்பாலும் 4 தந்திகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் நல்ல தடிமனாக இருக்கும். கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தியை மீட்டினால், அது ஒரு நொடிக்குச் சுமார் 82 முறை அதிரும். பாஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ சுமார் 41 முறைதான் அதிரும். சரியாகப் பாதி! அதனால்தான் அந்த 'தும்... தும்...' ஒலி காதில் கேட்பதைவிட நெஞ்சில் கேட்பது போல இருக்கிறது.

மிருதங்கத்தில் இடப்பக்கத்தை வாசிக்காமல் வலப்பக்கத்தை மட்டும் வாசித்தால் எப்படி இருக்கும்? சத்தம் வரும், ஆனால் காலுக்கடியில் தரை இல்லாத மாதிரி இருக்கும். பாஸ் இல்லாத பாட்டும் அப்படித்தான். இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். எடுத்துவிட்டால் உடனே தெரியும். செல்போனில் பாட்டுக் கேட்கும்போது இந்த ஒலி சரியாகக் கேட்காது. சின்ன ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. அடுத்த தடவை நல்ல ஹெட்ஃபோன் கிடைத்தால், ஒரு பாட்டில் பாஸ் மட்டும் எங்கே போகிறது என்று துரத்திப் பாருங்கள். நல்ல விளையாட்டு அது!

டிரம்பெட்டைக் கொடுத்துக் கிடார் வாங்கிய பையன்

பால், இங்கிலாந்தில் லிவர்பூல் என்னும் துறைமுக நகரத்தில் 1942-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி பிறந்தார். அப்பா ஜிம், பஞ்சு விற்பனை செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இளமையில் சொந்தமாக ஒரு சிறு இசைக்குழு வைத்திருந்தார். வீட்டில் பியானோவும் இருந்தது. அம்மா மேரி, செவிலியர். பாலுக்கு 14 வயதாக இருந்தபோது அம்மா நோயால் இறந்துவிட்டார். உங்களில் சிலருக்கு இப்போது அதே வயதுதான், இல்லையா?

பிறந்த நாளுக்கு அப்பா ஒரு டிரம்பெட் வாங்கிக் கொடுத்திருந்தார். பையனுக்கோ பாடவும் ஆசை. டிரம்பெட்டை வாயில் வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது? அப்பாவிடம் சொல்லிவிட்டு, கடையில் அதைக் கொடுத்து ஒரு கிடாரை மாற்றிக்கொண்டான். வீட்டுக்கு வந்து வாசித்தால் ஒன்றும் சரியாக வரவில்லை. காரணம், பால் இடக்கைப் பழக்கம் உள்ளவன்! கிடாரோ வலக்கைக்காரர்களுக்காகச் செய்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது. தந்திகளைக் கழற்றித் தலைகீழ் வரிசையில் மாட்டினான். அப்புறம் விரல்கள் சொன்னபடி கேட்டன. (இடக்கையால் எழுதும் பிள்ளைகளை அதட்டி வலக்கைக்கு மாற்றிய ஆசிரியர்கள் அந்தக் காலத்தில் எங்களில் பலர் இருந்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.)

ஜான் லெனன், ஜார்ஜ் ஹாரிசன் ஆகியோருடன் சேர்ந்து பால் குழுவில் வாசிக்க ஆரம்பித்தார். அப்போது அவர் பாஸ் வாசிப்பவர் அல்ல! அதை வாசித்தவர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் என்ற நண்பர். குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஓவியம் படிக்கப் போகிறேன் என்று 1961-இல் அவர் விலகிக்கொண்டார். பாஸுக்கு ஆள் வேண்டும். மேடையின் முன்னால் நின்று கலக்கும் கிடாரை விட்டுவிட்டு, பின்னால் நின்று 'தும் தும்' போட யாருக்கு ஆசை வரும்? கடைசியில் அது பாலின் தலையில் வந்து விழுந்தது.

அந்த ஊரிலேயே சுமார் 30 பவுண்டு கொடுத்து 'ஹாஃப்னர்' பாஸ் ஒன்றை வாங்கினார். வயலின் வடிவத்தில் இருக்கும், கனமும் குறைவு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவு என்பதால் இடக்கையால் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது. வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கிய கருவிதான் பின்னாளில் அவருடைய அடையாளமாக ஆனது. ரிங்கோ ஸ்டார் 1962-இல் டிரம்ஸ் வாசிக்க வந்து சேர்ந்தார். நால்வர் அணி தயார். அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் உலகப் புகழ் பெற்றதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை.

எழுந்திருக்கவே மனமில்லை

1969 செப்டம்பரில் ஜான், "நான் குழுவிலிருந்து விலகுகிறேன்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். வெளியில் யாருக்கும் தெரியாது. பால் நிலைகுலைந்து போனார். பள்ளிப் பருவத்திலிருந்து சேர்ந்தே இருந்தவர்கள். ஒரே வேனில் பயணம் செய்து, ஒரே மைக்கில் பாடியவர்கள். அந்த நட்பும் போயிற்று, வேலையும் போயிற்று.

மனைவி லிண்டா, லிண்டாவின் மகள் ஹீதர், பிறந்து சில வாரங்களே ஆன மேரி ஆகியோருடன் ஸ்காட்லாந்தில் இருந்த தம் பழைய பண்ணை வீட்டுக்குப் போனார். அங்கே ஆடுகள் உண்டு, காற்று உண்டு, நிறைய மழையும் உண்டு. ஆனால் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. தாடி வளர்ந்தது. குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. 'இனிமேல் நான் எதற்கும் பயன்பட மாட்டேன்' என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. இதை அவரே பின்னாளில் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். போதாக்குறைக்கு அந்த அக்டோபரில், 'பால் இறந்துவிட்டார்' என்ற வதந்தி வேறு அமெரிக்காவில் பரவியது! நிருபர்கள் பண்ணை வரைக்கும் தேடி வந்து, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று படம் எடுத்துப் போட வேண்டியதாயிற்று.

அவரைக் கைப்பிடித்து வெளியே கொண்டுவந்தவர் லிண்டா. "உங்களால் முடியும், பாட்டு எழுதுங்கள்" என்று விடாமல் சொன்னார். டிசம்பரில் குடும்பம் லண்டன் வீட்டுக்குத் திரும்பியது. அங்கே வரவழைக்கப்பட்டதுதான் 'ஸ்டூடர்' என்ற ஒலிப்பதிவுக் கருவி.

நான்கு பாதை நாடா

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். இங்கேதான் சுவாரசியமே இருக்கிறது!

எங்கள் பள்ளியில் ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டர் ஒன்று வாங்கினோம். பிள்ளைகளின் பாட்டைப் பதிவு செய்யலாம் என்று ஒரு மதியம் முழுக்கப் பாட வைத்தேன். போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சிவப்புப் பொத்தானையும் ஓட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டுமாம். நான் ஒன்றை மட்டும் அழுத்தியிருக்கிறேன்! அது போகட்டும். அந்த மாதிரிச் சாதாரணக் கருவியில் ஒரு தடவை பதிவு செய்ததன் மேல் மறுபடி பதிவு செய்தால், பழையது அழிந்துவிடும்.

ஸ்டூடர் கருவி அப்படி அல்ல. அதன் காந்த நாடாவை நான்கு தடங்கள் போட்ட சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடத்திலும் தனித்தனியாக ஒலியைப் பதிவு செய்யலாம். முதல் தடத்தில் பாடிக்கொண்டே கிடார் வாசிக்க வேண்டியது. நாடாவைத் திரும்பச் சுற்றி, அதைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் இன்னொரு கிடார். மறுபடி சுற்றி, மூன்றாம் தடத்தில் தாளம். நான்காம் தடத்தில் பாஸ். கடைசியில் நான்கையும் சேர்த்து ஓட்டினால், நான்கு பேர் கூடி வாசித்தது போல இருக்கும். ஆனால் வாசித்தவர் ஒருவரே!

இப்போது புரிந்திருக்குமே, புத்தகத்தைத் தட்டிய ரகசியம்! கருவி சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கத்தான் பால் முதல் பாட்டைப் பதிவு செய்தார். அது லிண்டாவைப் பற்றிய குட்டிப் பாட்டு. ஒரு நிமிடம்கூட ஓடாது. அதில் தாளம் வேண்டும் என்றதும் கையில் கிடைத்த புத்தகத்தையே தட்டிவிட்டார். பதிவின் நடுவில் லிண்டா கதவைத் திறந்துகொண்டு போக, கதவு 'கிரீச்' என்றது. அந்தச் சத்தமும் நாடாவில் விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி பாடலாமே? பாடவில்லை! அப்படியே இசைத்தட்டில் சேர்த்துவிட்டார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பல மைக்குகள் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்யும் மிக்ஸர் என்ற மேஜை இருக்கும். சத்தம் கூடுகிறதா, குறைகிறதா என்று காட்ட முள் ஆடும் மீட்டர்கள் இருக்கும். பாலின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு மைக். மிக்ஸரும் மீட்டரும் வந்து சேரவில்லை. ஆகவே மைக்கை நேராகக் கருவியின் பின்புறத்தில் சொருகினார். சத்தம் சரியா என்று எப்படித் தெரியும்? பாடிப் பார்க்க வேண்டும், போட்டுக் கேட்க வேண்டும். கரகரத்தால் மைக்கைத் தள்ளி வைத்து மறுபடி பாட வேண்டும். அவ்வளவுதான் தொழில்நுட்பம்!

ஒருவரே எல்லாக் கருவிகளையும் வாசிக்க முடியுமா என்கிறீர்களா? பியானோ அப்பா வீட்டிலேயே பழகியது. கிடார் தெரியும். டிரம்ஸும் அடிப்பார். 1968-இல் ரிங்கோ கோபித்துக்கொண்டு சில நாட்கள் வராமல் இருந்தபோது, பீட்டில்ஸ் பாட்டுக்கே டிரம்ஸ் அடித்தவர் இவர்! இசைத்தட்டு வெளிவந்தபோது, தாம் வாசித்த கருவிகளை அவரே பட்டியல் போட்டுக் கொடுத்தார். பாஸ், டிரம்ஸ், கிடார், பியானோ, ஆர்கன் என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசியில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, குழந்தைகள் விளையாடும் பொம்மை சைலஃபோன். மற்றொன்று, வில்லும் அம்பும்!

வில்லும் அம்புமா? ஆமாம். பிரேசில் நாட்டுக் காட்டில் வாழும் பழங்குடி மக்களைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு படம் பார்த்தார். அந்த வேட்டையை டிரம்ஸில் கொண்டுவர முடியுமா என்று தோன்றியது. இந்தப் பதிவு வெளியே ஒரு கூடத்தில் நடந்தது. அம்பு பறக்கும் சத்தத்துக்காக நிஜமாகவே வில்லை வளைத்தார்கள்; வில் உடைந்தே போயிற்று! காட்டு மிருகங்கள் ஓடும் சத்தத்துக்குக் கிடார் பெட்டியின் மேல் தடதடவென்று தட்டினார்கள். கூடத்துக்குள் நெருப்பு மூட்டிச் சுள்ளி முறியும் ஒலியையும் பதிவு செய்தார்கள். (இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். அப்புறம் உங்கள் அம்மா என்னைத்தான் தேடி வருவார்கள்!) இன்னொரு பாட்டின் முடிவில் வரும் விசித்திர ஒலி, கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் வாசித்தது. 'ஜங்க்' என்ற பாட்டை 1968-இல் நம் நாட்டு ரிஷிகேஷில் தியானம் பழக வந்திருந்தபோதே எழுதத் தொடங்கியிருந்தார்.

எல்லாமே வீட்டில் முடிந்துவிடவில்லை. சில பாட்டுகளுக்கு நல்ல கூடம் வேண்டியிருந்தது. சேதி வெளியே கசியக் கூடாது என்று 'பில்லி மார்ட்டின்' என்ற பொய்ப் பெயரில் கூடத்தைப் பதிவு செய்துகொண்டார். அங்கும் வாசித்தவர் அவர் ஒருவரே. கூடச் சேர்ந்து பாடியவர் லிண்டா.

வாசலில் வந்து நின்ற ரிங்கோ

1970 ஏப்ரல் 17-ஆம் தேதி இசைத்தட்டை வெளியிடுவது என்று முடிவானது. அதற்குள் ஒரு சிக்கல். பீட்டில்ஸ் குழுவின் 'லெட் இட் பீ' இசைத்தட்டும் அதே சமயத்தில் வரவிருந்தது. "உன்னுடையதைத் தள்ளி வை" என்று ஜானும் ஜார்ஜும் கடிதம் எழுதினார்கள். அதை எடுத்துக்கொண்டு பாலின் வீட்டுக்கு நேரில் வந்தவர் ரிங்கோ. வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்த நல்ல மனிதர்.

கடிதத்தைப் படித்த பாலுக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தித் தீர்த்துவிட்டு, "வெளியே போ" என்று நண்பரை வாசலுக்கு அனுப்பிவிட்டார். எத்தனை காரணம் இருந்தாலும், தேடி வந்தவரை அப்படி அனுப்பியது தவறுதான். நான் பாலின் பக்கம் பேச மாட்டேன். ஆனால் ரிங்கோ என்ன செய்தார், தெரியுமா? திரும்பிப் போய் மற்றவர்களிடம், "அவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நேரில் பார்த்தேன். சொன்ன தேதியிலேயே வெளியிடட்டும், விட்டுவிடுங்கள்" என்றார்! 'லெட் இட் பீ'தான் மே மாதத்துக்குத் தள்ளிப் போனது.

இசைத்தட்டோடு பத்திரிகைகளுக்கு ஒரு கேள்வி பதில் தாளும் போனது. தனியாக வேலை செய்தது பிடித்ததா என்ற கேள்விக்கு, முடிவெடுக்க என்னை மட்டும் கேட்டால் போதும், நானும் என்னோடு ஒத்துக்கொண்டேன் என்று வேடிக்கையாகப் பதில் சொல்லியிருந்தார். பீட்டில்ஸோடு இனிப் பாடும் எண்ணம் இல்லை என்பதும் அந்தப் பதில்களில் இருந்தது. ஏப்ரல் 10-ஆம் தேதி நாளிதழில் அதுதான் தலைப்புச் செய்தி! முதலில் விலகியவர் ஜான். ஆனால் 'குழுவை உடைத்தவர்' என்ற பழி பாலின் மேல் விழுந்தது.

பெயர் 'மெக்கார்ட்னி', அவ்வளவுதான். மேலட்டையில் கிண்ணம் ஒன்று. சுற்றிலும் சிவந்த செர்ரிப் பழங்கள் சிதறிக் கிடக்கும். பின்னட்டையில் பால், தம் கோட்டுக்குள் ஒரு கைக்குழந்தையைப் பொதிந்து வைத்திருப்பார். குழந்தையின் தலை மட்டும் எட்டிப் பார்க்கும். அதுதான் மேரி. படம் எடுத்தவர் லிண்டா.

விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். பாதி வேலையில் நிறுத்தியது போல இருக்கிறதே என்றார்கள். ஜானுக்கும் பிடிக்கவில்லை, பேட்டியிலேயே அதைச் சொன்னார். மக்கள் வாங்கினார்கள். அமெரிக்காவில் 3 வாரம் முதலிடம். எனக்குக் கேட்டால், விமர்சகர்கள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சில பாட்டுகள் அரைகுறைதான். ஆனால் கதவு கிரீச்சிடும் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இரண்டாவது, மூன்றாவது

பால் பிறகு 'விங்ஸ்' என்ற புதிய குழுவைத் தொடங்கினார். ஆனாலும் தனியாகச் செய்யும் ஆசை விடவில்லை. 1979 கோடையில் 16 தடங்கள் உள்ள கருவியை வாடகைக்கு எடுத்து வந்து, மறுபடியும் மைக்கை அதன் முதுகில் சொருகினார்! அதில் உருவானது 1980-இல் வந்த 'மெக்கார்ட்னி 2'. அதிலுள்ள 'கமிங் அப்' பாட்டுக்கான படத்தில் ஓர் இசைக்குழுவே வாசிக்கும். உற்றுப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் பால்தான்! மொத்தம் 10 வேடம். முதல் இசைத்தட்டைப் பிடிக்கவில்லை என்ற ஜான், இந்தப் பாட்டைப் பாராட்டினார். அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஜான் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்புறம் 40 ஆண்டுகள். 2020-இல் கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டதல்லவா? உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாலுக்கு அப்போது 77 வயது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிப் பண்ணையில் மகள் மேரியின் குடும்பத்தோடு இருந்தார். பக்கத்திலேயே அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். ஒரு சின்ன அனிமேஷன் படத்துக்கு இசை சேர்க்கப் போனவர், பாதியில் நின்றிருந்த பழைய பாட்டுகளை எடுத்துத் தூசு தட்டினார். ஒரு நாள் டிரம்ஸ், மறுநாள் பாஸ் என்று சேர்த்துக்கொண்டே போனார். ஆள் உயரம் இருக்கும் ஒரு பழைய பாஸ் கருவியையும் வாசித்தார். அது எல்விஸ் பிரெஸ்லியின் குழுவில் பில் பிளாக் வாசித்தது. லிண்டா பல ஆண்டுகளுக்கு முன்பு பரிசாகத் தேடி வாங்கிக் கொடுத்தது. லிண்டா 1998-இல் காலமாகிவிட்டார்.

'மெக்கார்ட்னி 3' 2020 டிசம்பர் 18-ஆம் தேதி வெளிவந்தது. இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது.

ஹாம்பர்க்கில் வாங்கிய அந்த 30 பவுண்டு பாஸ் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 1972 அக்டோபரில் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போய்விட்டது! ஆர்வலர்கள் சிலர் துப்பறிந்து தேடினார்கள். கடைசியில் ஒரு வீட்டின் பரணில் கிடைத்தது. உரியவரிடம் திரும்பி வந்துவிட்டது என்ற சேதி 2024 பிப்ரவரியில் வெளியானது. 51 ஆண்டுகளுக்குப் பிறகு!

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். 'மெக்கார்ட்னி 3'-க்காகக் கூடத்தில் நின்று பாலைப் படம் எடுத்தவர் ஒரு புகைப்படக் கலைஞர். வேறு யாருமல்ல, 1970-இல் அப்பாவின் கோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாளே, அந்தக் குட்டி மேரிதான்!